முதுமலை யானையும் கோடியக்கரை ரோடும்

ராயபுரத்தில் டிரைவர் லியோனார்டின் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் விட்டுவிடும். அவன் டிரைவர்தான், அதில் பொய்யில்லை. ஹார்பருக்குள் சரக்கு இழுக்கும் டிராக்டரைப் பதினாறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தான். கப்பலடியிலிருந்து ஷெட்டுக்கு, ஷெட்டிலிருந்து கப்பலடிக்கு. பின்னால் கோத்துக் கட்டிய மூன்று டிரெய்லர். மணிக்கு எட்டு மைல் வேகம். அதற்கு மேல் போனால் சூப்பர்வைசர் விசில் ஊதுவார். சட்டைப்பையில் ஹார்பர் பெர்மிட் வைத்திருந்தான். அது கேட்டுக்கு உள்ளே மட்டும் செல்லும். வெளியே ரோட்டில் ஓட்டுகிற லைசென்ஸ் அவனிடம் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை. இது மட்டும் ராயபுரத்தில் யாருக்கும் தெரியாது.

தெரியாமல் போனதற்கு அவன்தான் காரணம். டோரதியைப் பெண் கேட்கப் போன அன்று, "ஹார்பருக்கு வர்றதுக்கு முன்னாடி மாப்பிள்ள இன்னா பண்ணிகினு இருந்தாரு?" என்று அவளுடைய அப்பா கேட்டார். கேட்டவர் கட்டுமரத்தில் நடுக்கடல் போய்வருகிற மனுஷன். அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, சும்மா இருந்தேன் என்று சொல்ல லியோனார்டுக்கு வாய் வரவில்லை. "லாரி ஓட்டிகினு இருந்தேன் மாமா. பம்பாய் வரிக்கும்" என்றான். கல்யாணமும் நடந்துவிட்டது. அதோடு அந்தப் பொய்யை விட்டுத் தொலைத்திருக்கலாம். மனுஷன் விடவில்லை, தீனி போட்டு வளர்த்தான்.

தீனிக்குப் பஞ்சமும் வரவில்லை. ஹார்பர் கேட்டுக்கு வெளியே லோடுக்காக லாரிகள் ஒரு நாள், சமயத்தில் மூன்று நாள் வரிசையில் நிற்கும். மங்களூர்க்காரன், கோயம்புத்தூர்க்காரன், நெல்லூர்க்காரன் எல்லாரும் வண்டி நிழலில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். மத்தியானம் டோரதி கேட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். லியோனார்ட் அந்தக் கேரியரோடு போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொள்வான். ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் தென்னந்தோப்புமாகப் போகிற மங்களூர்ப் பக்கத்து மேலக்கரை ரோடு, மலை ஏறுகிற ரோடு, புலி குறுக்கே போகிற காட்டு ரோடு என்று எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்பான். அவர்கள் போய்வந்த ரோடெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குழம்பு கொதிக்கிற நேரத்தில் லியோனார்ட் போய்வந்த ரோடாகிவிடும்.

அந்தக் கதைகளில் ராஜா முதுமலை யானைதான். காட்டு ரோட்டில் ஒரு ஒற்றை ஆண் யானை லாரியை மறித்து நிற்கும். லியோனார்ட் எஞ்சினை அணைத்துவிட்டு அதன் கண்ணைப் பார்ப்பான். பார்த்தபடியே ஒரு பீடியைப் பற்றவைப்பான். பீடி முடிகிறபோது யானை ஒதுங்கி வழி விடும். இதை அவன் மகள் ஃப்ளோரன்ஸ் நூறு தடவையாவது கேட்டிருப்பாள். "உனக்குப் பயமா இல்லியா நைனா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "பயந்தா ரோட்டுல வண்டி ஓட்ட முடியுமா?" என்று இவனும் ஒவ்வொரு தடவையும் சொல்வான்.

ஆனால் அந்த டிரைவர்கள் யானையை மட்டுமா சொன்னார்கள்? பிரேக் பிடிக்காமல் மலையிலிருந்து இறங்கினவனைச் சொன்னார்கள். பாலத்துக் கட்டையில் மோதி ஆற்றுக்குள் போனவனைச் சொன்னார்கள். கண் அசந்த ஒரு நிமிஷத்தில் கல்யாண பஸ்ஸுக்குள் புகுந்தவனைச் சொன்னார்கள். இவற்றை லியோனார்ட் வீட்டில் சொல்லவில்லை, தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டான். ஒரு மனுஷன் ரோட்டில் எத்தனை விதமாகச் சாகலாம் என்று அவனுக்குத் தெரிந்த அளவுக்கு, நிஜமாக ஓட்டினவர்களுக்கே தெரிந்திருக்காது. கடைத்தெருவில் ரோட்டைத் தாண்டும்போதுகூட டோரதியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவான். பாசமான புருஷன் என்று தெருவே மெச்சியது.

எழுபதாம் வருஷக் கடைசியில் ஃப்ளோரன்ஸுக்கு டைபாய்டு வந்து, பிழைப்பாளா என்றாகிவிட்டது. பிழைத்தால் வேளாங்கண்ணி மாதாவுக்கு முடி கொடுப்பதாக டோரதி நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து நடந்ததும், பிப்ரவரி மாதத்தில், மஜீதின் வேனில் கிளம்பினார்கள். மஜீது லியோனார்டோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோஸ்து. பழைய வேன் ஒன்றை வைத்துச் சவாரி ஓட்டிப் பிழைப்பவன். பள்ளிக்கூடம் விட்டதும் பல வருஷம் வெளியூரில் கிடந்தவன், அதனால் பம்பாய்க் கதையை அவனும் நம்பினான். கூட டோரதியின் அக்கா சிலுவையம்மாள், அவள் புருஷன் கஸ்பார், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். கஸ்பார் ரயில்வேயில் ஃபிட்டர். வாய் மட்டும் எஞ்சின் டிரைவர் வாய்.

வேளாங்கண்ணியில் முடி இறக்கி, சந்தனம் பூசி, மெழுகுவத்தி ஏற்றியாகிவிட்டது. நேராக வீடு திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "இவ்ளோ தூரம் வந்துட்டு கோடியக்கரை மானைப் பாக்காம போறதா? அதுக்கு சர்க்காரே காவல் போட்டு வச்சிகீது" என்று கஸ்பார்தான் கிளப்பிவிட்டான்.

மறுநாள் காலை கோடியக்கரைக் காட்டுக்குப் போனார்கள். நல்ல வெயில். குட்டை மரங்களும் முள்ளும் புல்வெளியுமாகக் காடு கடல்வரைக்கும் போய் முடிந்தது. முறுக்குக் கொம்பு மான்கள் கூட்டமாக நின்று இவர்களைப் பார்த்தன. யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. சதுப்பில் நாரைகள் வரிசை வரிசையாக நின்றன. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருக்க ஃப்ளோரன்ஸ் ஓடி ஓடிப் பார்த்தாள். பதினொரு மணிக்குக் கிளம்பலாம் என்று ஏறி உட்கார்ந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி படுத்துவிட்டது.

மஜீது முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றினான். ஹேண்டில் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். வளைத்துப் பிடித்தால், எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது கை மாட்டிக்கொள்ளும். இது மஜீதுக்கு இருபது வருஷப் பாடம். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் மான் மான் என்று கத்த, அவன் ஒரு கணம் தலையைத் திருப்பினான். எஞ்சின் உதைத்தது. ஹேண்டில் திரும்பி அடித்ததில் வலது கை மணிக்கட்டுக்கு மேலே, வளையக் கூடாத இடத்தில் வளைந்துவிட்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

காட்டிலாகா வாட்சர் ஓடிவந்து, பனைமட்டையை நறுக்கி வைத்து, டோரதியின் முந்தானைக் கிழிசலால் கட்டினார். ரத்தம் நிற்கவில்லை. "பஸ்ஸு சாயங்காலந்தான். அதுவரைக்கும் வச்சிருந்தா கையே போயிரும். வண்டிதான் இருக்கே, ஓட்டத் தெரிஞ்ச ஆளு யாரும் இல்லையா?" என்றார் வாட்சர்.

"எங்க நைனா ஓட்டும்" என்றாள் ஃப்ளோரன்ஸ். "பம்பாய் வரிக்கும் ஓட்டிகீது எங்க நைனா."

எல்லாரும் லியோனார்டைப் பார்த்தார்கள். டோரதி மட்டும் மஜீதின் கையைப் பார்த்தாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தான். மஜீது மரத்தடியில் சாய்ந்து, சாம்பல் பூத்த முகத்தோடு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். சொல்வதால் அந்தக் கைக்கு என்ன லாபம்? வேறு யார் ஓட்டுவது? திறந்த வாயிலிருந்து, "சாவி வண்டியிலதான கீது?" என்றுதான் வந்தது.

கஸ்பாரும் இரண்டு பெண்களும் வாட்சரும் பின்னாலிருந்து தள்ள, வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. மஜீதை இடப்பக்க முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். லியோனார்ட் ஸ்டீரிங்கைப் பிடித்தான். கியர் தெரியும், கிளட்ச் தெரியும், பிரேக் தெரியும். தெரியாதது ரோடு மட்டும்தான். எதிரே யாராவது வருவார்களே, அவர்களுக்கு யார் விசில் ஊதுவார்கள்? மாதாவே, எட்டு உயிரு, எட்டு உயிரு என்று சொல்லிக்கொண்டே முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போனான்.

காடு முடிந்ததும் ரோடு சதுப்புக்கும் உப்பளத்துக்கும் நடுவில் மேடாகப் போனது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு. அதில் விழுந்த வெயில் எழும்பி முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கினால் ரோடு தெரியவில்லை, திறந்தால் கண் எரிந்தது. ரோட்டோரம் ஒரு குதிரை நின்றதற்கே அவன் நெஞ்சு நின்று திரும்ப ஓடியது. லாரிக்காரர்கள் சொன்ன சாவெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. பிரேக் போனவன், பாலத்தில் விழுந்தவன், கல்யாண பஸ்.

"இன்னாபா, மாட்டு வண்டியே தேவல போலகீதே. பம்பாய் போன ஸ்பீடு எங்க?" என்று பின்னாலிருந்து கஸ்பார் கேட்டான். "மஜீது பாய்க்கு ரத்தம் போய்கினு கீது, கொஞ்சம் மிதி."

லியோனார்ட் மிதித்தான். வண்டி முப்பதைத் தொட்டது. எதிரில் ரோடு இடப்பக்கம் வளைந்தது.

பதினாறு வருஷமாக வளைவு என்றால் அவன் கைக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். பின்னால் மூன்று டிரெய்லர் வருகிறது. முன்னால் போகிறவன் ஒடுக்கித் திருப்பினால் கடைசி டிரெய்லர் உள்பக்கம் ஏறி, ஷெட்டுத் தூணை இடிக்கும். அதனால் இடப்பக்கம் திரும்புவதற்கு முதலில் வலது ஓரம்வரை அகலமாகப் போய், அப்புறம் வளைக்க வேண்டும். புத்திக்குக் கேள்வியே போகவில்லை, கை தானாகச் செய்தது. வேன் ரோட்டின் வலது ஓரத்துக்குப் போனது. அந்த ஓரத்தில், வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து, ஒரு உப்பு லாரி வந்துகொண்டிருந்தது.

லியோனார்ட் அந்த லாரியின் முன்கண்ணாடியைப் பார்த்தான். அதற்குள் ஒரு மனுஷன் வாயைத் திறப்பதைப் பார்த்தான். அவன் கையும் காலும் செத்துப்போயின. மஜீதுதான் குறுக்கே பாய்ந்து இடது கையால் ஸ்டீரிங்கைத் தன் பக்கம் இழுத்தான். லாரி, வேனின் பின்பக்கத்தை உரசிக்கொண்டு போய் நின்றது. வேன் மேட்டிலிருந்து சரிந்து, முன்சக்கரம் உப்பளச் சேற்றில் புதைந்து, சாய்ந்தபடி நின்றது. பிள்ளைகள் அழுதார்கள். யாருக்கும் அடியில்லை என்று டோரதி ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சொன்னாள். லியோனார்ட் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். வயசான மனுஷன். "ஏய்யா, குடும்பத்தை ஏத்திக்கிட்டு எதிர்ச்சாரியில வர்றியே, எத்தனை வருசமா ஓட்டுற நீ?" என்று கேட்டார்.

லியோனார்ட் வண்டியை விட்டு இறங்கினான்.

"இன்னிக்குத்தான்" என்றான்.

லியோனார்டே எல்லாவற்றையும் கொட்டினான். பம்பாய் இல்லை, மேலக்கரை இல்லை, லைசென்ஸ் இல்லை, ஹார்பர் கேட்டுக்கு வெளியே ஒரு கெஜதூரம்கூட ஓட்டினதில்லை. சொல்லும்போது அழுதான். ஃப்ளோரன்ஸ் வேன் ஜன்னலில் மொட்டைத் தலையைச் சாய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் கேட்காமலிருந்தது லாரியைவிடப் பயமாக இருந்தது அவனுக்கு.

கஸ்பார் குதித்தான். "என் புள்ளைங்கள சாவடிக்கப் பாத்தியே. இறங்குங்கடா, நடந்தே போலாம்" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். லாரி டிரைவரும் அவருடைய ஆட்களும் வேனைத் தூக்கி மேட்டில் வைத்தார்கள். அந்த ஒற்றை ரோட்டில் லாரி திரும்ப இடமில்லை. "வேதாரண்யம் நாலு மைலுதான். அந்தாளு கை தாங்காது. மெதுவா ஓட்டிப் போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டு அவர் ஏறிக்கொண்டார்.

"என்னால முடியாது" என்றான் லியோனார்ட், டோரதியைப் பார்த்து.

"முடியாதுன்னு எனக்குத் தெரியும். நீ லாரி ஓட்டினதில்லன்னும் தெரியும்" என்றாள் டோரதி.

"எப்டி?" என்றான் லியோனார்ட்.

"அந்த யானைக் கதைய ஹார்பர் கேட்டாண்ட வேம்புன்னு ஒரு கோயமுத்தூர் டிரைவரு சொன்னாரு. நான் கேரியரோட நின்னுகினு இருந்தேன். அந்த ஞாயித்திக்கிழமயே அந்த யானை நம்ம வூட்டுக்கு வந்துடுச்சி. பத்து வருசம் ஆவுது."

"ஏன் கேக்கல?"

"நீ சொன்னா நல்லாத்தான் இருந்துது" என்றாள் டோரதி. பிறகு, "இப்ப குந்து. பம்பாய்க்காரன் மாதிரி ஓட்டாத. ஹார்பர்ல ஓட்டுவியே, அத்த ஓட்டு" என்றாள்.

லாரி ஆட்கள் வண்டியை மறுபடி தள்ளி எழுப்பிவிட்டுப் போனார்கள். மஜீது வலியில் கண்ணை மூடிக்கொண்டே, "மாமு, வளைவுல இன்னாத்துக்கு அந்தப் பக்கம் போன?" என்று கேட்டான்.

"பின்னால டிரெய்லரு இடிச்சிகும்னு..."

மஜீது அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டான். சிரித்ததில் கை அசைந்து, 'யா அல்லா' என்று முனகினான். "பின்னால ஒண்ணும் கட்டல மாமு. பின்னால ஒண்ணும் கட்டல."

எட்டு மைல் வேகத்தில் போனார்கள். ரோட்டில் நடந்துகொண்டிருந்த கஸ்பாரை எட்டிப் பிடிக்கவே அரை மைல் ஆனது. சிலுவையம்மாள் ஜன்னல் வழியாகப் புருஷனை என்னென்னவோ சொல்லித் திட்டினாள். கஸ்பார் கொஞ்ச தூரம் ரோஷமாகக் கூடவே நடந்துவந்தான். வெயில் தலையைப் பிளக்கவே பிள்ளைகளை ஏற்றிவிட்டு, கடைசியில் தானும் ஏறிக்கொண்டான். அதற்குப் பிறகு நாகப்பட்டினம்வரை அவன் வாயைத் திறக்கவில்லை.

வேதாரண்யத்தில் டாக்டர் ரத்தத்தை நிறுத்தி, மட்டை வைத்துக் கட்டி, எலும்பைச் சேர்க்க உடனே நாகப்பட்டினம் போகச் சொன்னார். இன்னும் முப்பது மைல். பயம் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள், ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அவன் உடம்பு தூக்கிப்போட்டது. வாய்க்கால் பாலம் ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, டோரதி இறங்கி முன்னால் போய்க் கை காட்டிய பிறகுதான் தாண்டினான். திருப்பூண்டியில் ஒரு போலீஸ்காரர் ரோட்டோரம் இளநீர் குடித்துக்கொண்டு நின்றார். லைசென்ஸ் கேட்டால் ஹார்பர் பெர்மிட்டைக் காட்டலாமா என்று லியோனார்ட் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். போலீஸ்காரர் இளநீரை விட்டு நிமிரவில்லை.

ஒவ்வொரு வளைவிலும் அவன் கை வலப்பக்கம் போகப் பார்த்தது. மஜீது முதலில் பின்னால் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தான். அவன் மயங்கிக் கிடந்தபோது டோரதி சொன்னாள். வேளாங்கண்ணி தாண்டியதும் வந்த வளைவில் டோரதி அசந்துவிட்டாள். அப்போது பின்சீட்டிலிருந்து சின்னக் குரலில், "நைனா, பின்னால ஒண்ணும் கட்டல" என்று ஃப்ளோரன்ஸ் சொன்னாள். உப்பளத்துக்குப் பிறகு அவள் பேசின முதல் பேச்சு அது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. கஸ்பாரும் இரண்டு ஆட்களும் மஜீதை உள்ளே கொண்டுபோனார்கள். கை பிழைத்தது, கட்டைவிரல் மட்டும் அதற்குப் பிறகு முழுசாக மடங்கவில்லை. மஜீதின் தம்பி மறுநாள் ரயிலில் வந்துதான் வேனை ராயபுரத்துக்கு ஓட்டிப் போனான். லியோனார்ட் அவ்வளவு தூரமும் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தான். அடுத்த நாள் ஹார்பரில் டிராக்டரை எடுத்தான். ரிட்டையர் ஆகிறவரை கேட்டுக்கு வெளியே ஒரு வண்டியையும் தொடவில்லை.

ஆனால் அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவனால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. விரல்கள் ஸ்டீரிங்கை விட மறுத்தன. டோரதி ஒவ்வொரு விரலாகப் பிரித்து விட்டுவிட்டு, அக்காவைத் தேடி உள்ளே போனாள். ஃப்ளோரன்ஸ் மஜீது உட்கார்ந்திருந்த சீட்டில் வந்து உட்கார்ந்தாள். சீட்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

"யானையும் பொய்யா நைனா?"

"யானை மெய்தான். நான்தான் அங்க இல்ல."

"அந்த வேம்பு மாமா இருந்தாரா?"

"இருந்தாரு."

"அவருக்குப் பயமா இல்லியா?"

லியோனார்ட் தன் கையைப் பார்த்தான். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. மறைக்க நினைத்து, மறைக்காமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"வண்டியிலயே அழுதுட்டாராம்" என்றான். "பீடி பத்தவைக்கக் கை நிக்கலியாம். அத்தயும் அவரு சொன்னாரு. நான்தான் உன்கிட்ட சொல்லாம உட்டுட்டேன்."